ரோம் நகரத்துச் சின்ன உணவகங்களில் சாப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே டிக்கெட் எடுத்து வைக்கிறார்கள். வாடிகன் அருங்காட்சியகத்துக்கு மணி, நிமிடம் குறித்து நுழைவு நேரம் வாங்குகிறார்கள். சாப்பாட்டை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். மாலை நாலு மணிக்குக் கால் கடுக்க நடந்து, பசியில் கண் இருட்டி, எதிர்ப்பட்ட முதல் கடையில் உட்கார்ந்து, மைக்ரோவேவில் சூடாக்கிய லசானியாவுக்கு இருபது யூரோ அழுதுவிட்டு வருகிறார்கள். 'இத்தாலிச் சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை' என்று ஊர் திரும்பிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த நாலு மணிக் கோஷ்டிதான்.

ரோமின் நல்ல சாப்பாடு இருப்பது ட்ராட்டோரியா என்கிற சின்னக் குடும்ப உணவகங்களில். பலகையில் ஒஸ்டெரியா என்றோ ஹோஸ்டாரியா என்றோ எழுதியிருந்தாலும் இன்று ஏறக்குறைய அதே ரகம்தான். இந்தக் கடைகளுக்கு ஒரு நேரம் உண்டு, கிழமை உண்டு, பருவம் உண்டு. நமக்காக அவை மாறா. நாம்தான் நம் நாளை அவற்றுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். அப்படி வளைத்துக்கொண்டால் செலவும் குறையும், வயிறும் வாழ்த்தும்.

முதல் வேலை: நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத் தொடங்கும். ரோம்காரர்கள் எட்டரைக்குப் பிறகுதான் வருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நல்ல ட்ராட்டோரியா எதுவும் திறந்திருக்காது. நாள் முழுக்க அடுப்பெரியும் உணவகம் என்றால் அது நமக்காக, அதாவது சுற்றுலாப் பயணிகளுக்காக, நடத்தப்படுவது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பயணத் திட்டம் போடும்போது ஒரு மணிச் சாப்பாட்டை முதலில் எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றி இடங்களை அடுக்குங்கள். காலையில் கொலோசியம் என்றால் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். மெட்ரோ பி தடத்தில் இரண்டே நிறுத்தம் தள்ளி பிரமிடே நிலையம். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் டெஸ்டாச்சோ பேட்டை, ரோம் சமையலின் தாய்வீடு. கொலோசியத்துக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் கடையில் உட்காருவதற்கும் இதற்கும் வித்தியாசம் அந்த இரண்டு நிறுத்தம்தான்.

காலையில் கனமாகச் சாப்பிடாதீர்கள். ரோம்காரரின் காலை உணவு ஒரு காபியும், கொர்னெத்தோ என்கிற வளைந்த பன்னும். அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே முடித்துவிடுவார்கள். நின்று குடித்தால் எஸ்பிரெசோ ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். சுற்றுலா இடங்களில் அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் விலை இரண்டு மூன்று மடங்காகும். கிரீம் நிரப்பிய மரிட்டோட்ஸோ பன்னை மட்டும் ஒரு நாளாவது சாப்பிட்டுப் பாருங்கள், உட்கார்ந்தே சாப்பிடுங்கள். நின்றுகொண்டு சாப்பிட்டால் பாதி கிரீம் சட்டையில்தான் போகும்.

எந்தப் பேட்டை?

நேரம் கிடைத்தால் டெஸ்டாச்சோவுக்கு ஒரு முழு மதியத்தைக் கொடுங்கள். 1888-இல் கட்டத் தொடங்கிய நகரத்தின் பெரிய இறைச்சிக்கூடம் இங்கேதான் இருந்தது. 1975 வரை இயங்கியது. நல்ல கறியெல்லாம் பணக்கார வீடுகளுக்குப் போய்விடும். தோலுரிக்கும் தொழிலாளிகளுக்குக் கூலியோடு வாலும் குடலும் தலையும் கிடைக்கும். விலங்கை நான்கு கால்பங்காக வெட்டி விற்ற பிறகு மிஞ்சியது என்பதால் இதற்கு 'ஐந்தாவது கால்பங்கு' என்று பெயர். அந்தக் கழிவிலிருந்து எழுந்ததுதான் இன்று ரோம் பெருமையோடு பரிமாறும் பாதிச் சமையல். செலரித் தண்டோடு மணிக்கணக்கில் வேகும் மாட்டுவால் குழம்பு, கோடா அல்லா வாச்சினாரா, அந்தத் தொழிலாளிகளின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பேட்டையின் நடுவே 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று இருக்கிறது. இயற்கைக் குன்று இல்லை. பழைய ரோமுக்கு ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த மண்சாடிகளை உடைத்து அடுக்கியே உருவான மேடு அது. அதன் அடிவாரத்தைக் குடைந்து கட்டிய உணவகங்களில் சுவரில் கண்ணாடி வைத்து அந்த ஓட்டுச் சில்லுகளைக் காட்டுவார்கள். பழைய இறைச்சிக்கூடத்துக்கு எதிரே, 2012-இல் இடம் மாறிய டெஸ்டாச்சோ சந்தை இருக்கிறது. காலையில் காய்கறி, மதியத்தில் சான்ட்விச். ட்ராட்டோரியாவில் இடம் கிடைக்காத நாளில் இந்தச் சந்தையே போதும்.

அடுத்தது பழைய யூதர் பேட்டை. 1555-இல் போப் நான்காம் பால் மதில் கட்டி யூதர்களை இங்கே அடைத்தார். 1870 வரை அந்த நிலை நீடித்தது. ஏழ்மையிலும் தடைகளுக்கு நடுவிலும் வளர்ந்த சமையல் இது. எண்ணெயில் பொரிப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆர்ட்டிசோக் என்கிற மொட்டுக் காயை முழுசாகப் பொரித்து, இதழ்கள் முறுகலாக விரிந்த பூவைப் போலத் தட்டில் வைக்கும் கார்ச்சோஃபி அல்லா ஜுதியா இந்தத் தெருவில் பிறந்தது. யூத மத உணவு விதிப்படி சமைக்கும் இங்குள்ள கோஷர் உணவகங்கள் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ட்ராஸ்டெவரே எல்லோரும் போகிற இடம். சாயங்காலம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் முக்கியத் தெருக்களில் நல்ல கடையும் பொறிக்கடையும் கலந்து கிடக்கின்றன. பெயர் தெரிந்து போனால் போங்கள், தேடிக்கொண்டு போகாதீர்கள். வாடிகன் பார்த்த நாளில் அதன் மதிலோரக் கடைகளை விட்டுவிட்டு ப்ராத்தி தெருக்களுக்குள் நாலைந்து குறுக்குத்தெரு நடந்துவிடுங்கள். அலுவலகக்காரர்கள் சாப்பிடும் கடைகள் அங்கேதான். இன்னும் தள்ளிப்போகத் தயார் என்றால் 8-ஆம் எண் ட்ராமில் ஏறிக் கடைசி நிறுத்தமான கசலேத்தோவில் இறங்கலாம். நிறுத்தத்தை ஒட்டியே இருக்கும் சேசரே அல் கசலேத்தோ, ரோம்காரர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிற இடம்.

ஊரின் நடுமையத்தில் நல்ல கடையே கிடையாது என்பதும் சரியில்லை. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனிலிருந்து கூப்பிடு தூரத்தில் 1961 முதல் ஒரே குடும்பம் நடத்தும் அர்மாண்டோ அல் பாந்தியன் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல் அங்கே தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான்.

வாசலில் நின்றபடியே கணிப்பது

தெருவில் நின்று 'வாங்க, வாங்க' என்று கூப்பிடும் ஆள் இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஆறு மொழியில் படத்தோடு மெனு, 'மெனு துரிஸ்திகோ' (சுற்றுலாப் பயணி மெனு) என்ற பலகை, இவற்றுக்கும் அதே பதில்தான். ஆனால் ஆங்கிலத்தில் மெனு இருப்பதை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டாம். நல்ல கடைகளும் இப்போது வைத்திருக்கின்றன. கட்டம் போட்ட மேசைவிரிப்பு எதையும் நிரூபிப்பதில்லை. அது கடைத்தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்து மாவு பிசைந்து, பாஸ்தா உருட்டிக்கொண்டிருப்பார். வெளியே கூட்டம் படம் பிடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்போனாரா, அமாத்ரிச்சானா போன்ற ரோமின் பெருமைக்குரிய தட்டுகள் பெரும்பாலும் காய்ந்த பாக்கெட் பாஸ்தாவில் செய்யப்படுபவை. ஸ்பகெட்டியும் ரிகடோனியும் கடையில் வாங்குவதுதான், வீட்டிலும் சரி, நல்ல ட்ராட்டோரியாவிலும் சரி. கையால் செய்ததுதான் அசல் என்ற நம் எண்ணத்தை வைத்து நடக்கும் வியாபாரம் அந்த ஜன்னல்.

நல்ல அடையாளம் எது? மெனு ஒரே தாளில் அடங்க வேண்டும். அன்றைய பட்டியல் கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று கதவில் எழுதியிருக்கும். மதியம் ஒன்றரைக்கு எட்டிப் பார்த்தால் வேலைச் சீருடையோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாலாவதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது.

மெனுவில் ஒரு பண்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைநிலையில் வந்த பொருள் என்று பொருள். தாளின் அடியில் பொடி எழுத்தில் விளக்கியிருப்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. பட்டியல் முழுக்க நட்சத்திரம் மின்னினால் வேறு கடை பாருங்கள்.

முன்பதிவு

பெயர்பெற்ற கடைகளுக்குச் சில வாரம் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கும். பேட்டைக் கடைகளுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ போன் செய்தால் போதும். மதியக் கூட்ட நேரத்தில் கூப்பிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் கத்துவார்கள். காலை பதினொன்று வாக்கில் அல்லது மாலை ஆறரைக்குக் கூப்பிடுங்கள். இத்தாலியன் தெரியாவிட்டால் தங்கும் விடுதி வரவேற்பாளரிடம் சொன்னால் அவரே பேசிவிடுவார். நாள், நேரம், எத்தனை பேர், என்ன பெயர் என்ற நாலு தகவல்தான் வேண்டும். நம் பெயர் நீளமாக இருந்தால் சுருக்கிவிடுங்கள். 'மீனாட்சிசுந்தரம்' என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பதைவிட 'மீனா' என்றால் மேசை உறுதி.

கூட்டமுள்ள கடைகளில் இரவை இரண்டு சுற்றாகப் பிரித்திருப்பார்கள். ஏழரைச் சுற்றில் உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் எழுந்துவிட வேண்டும். நிதானமாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் ஒன்பதரைச் சுற்றைக் கேளுங்கள். சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முதல் சுற்றுதான் வசதி. வர முடியாமல் போனால் கட்டாயம் தகவல் சொல்லுங்கள். பத்து மேசையுள்ள கடையில் ஒரு மேசை வெறுமனே கிடந்தால் அன்றைய வரும்படியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

உள்ளே நுழைந்ததும்

காலியாகத் தெரிகிற மேசையில் நீங்களாகப் போய் உட்காராதீர்கள். வாசலுக்குள் நின்று, மதியம் என்றால் 'புவோன் ஜோர்னோ', மாலையானால் 'புவோனசேரா' என்று வணக்கம் சொல்லிவிட்டு, எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே மேசையைக் கேட்பது அங்கே முரட்டுத்தனம். பரிமாறுபவர் சிரிக்கவில்லை என்றால் கோபம் என்று நினைக்க வேண்டாம். ரோம் பரிமாறுபவர்கள் பலர் வெடுக்கென்றுதான் பேசுவார்கள், உள்ளூர்க்காரரிடமும் அப்படியே.

மெனுவைப் படிப்பது

மெனு ஐந்து பகுதியாக இருக்கும். அந்திபாஸ்தி என்பது கொறிக்க, ப்ரிமி என்பது பாஸ்தாவும் சூப்பும், செகோந்தி என்பது கறியும் மீனும், கொந்தோர்னி என்பது காய்கறி, தோல்சி என்பது இனிப்பு. ஐந்தையும் வரிசையாக வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ரோம்காரர்களே மதியத்தில் ஒரு ப்ரிமோ, ஒரு காய்கறியோடு நிறுத்திக்கொள்வார்கள். கறி கேட்டால் கறி மட்டும்தான் தட்டில் வரும், கீரையோ உருளைக்கிழங்கோ தனியாகச் சொல்ல வேண்டும். நடுவே வைத்துப் பகிர்ந்து சாப்பிட அந்திபாஸ்தியும் கொந்தோர்னியும் சரி. நாலு பேர் சேர்ந்து இரண்டு பாஸ்தா மட்டும் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மெனு விலையில் பாதி இடத்துக்குத்தான் என்பது அவர்கள் கணக்கு.

ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்கள் நான்கு, நான்கும் ஒரே குடும்பம். செம்மறி ஆட்டுப் பாலில் செய்த உப்புச் சீஸ் பெக்கொரினோ ரொமானோவும் மிளகும் சேர்ந்தால் காச்சோ எ பேபே. அதில் பன்றிக் கன்னத்துக் கறி, குவாஞ்சாலே, சேர்ந்தால் க்ரீச்சா. க்ரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா. தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்போனாரா. இந்த வாய்ப்பாடு தெரிந்துவிட்டால் ரோம் மெனுவில் பாதி புரிந்துவிடும்.

கார்போனாராவில் கிரீம் கிடையாது. மஞ்சள்கரு, சீஸ், கறியிலிருந்து உருகிய கொழுப்பு, பாஸ்தா வெந்த தண்ணீர், இவ்வளவுதான் அந்தக் குழைவு. அமாத்ரிச்சானா மலையூரான அமாத்ரிச்சேயிலிருந்து வந்தது. 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர். அதை ரோமில் பல கடைகள் புக்கதீனி என்ற நடுவே துளையுள்ள தடித்த நூலில் பரிமாறுகின்றன. துள்ளித் தெறிக்கும் சாதி அது. கைக்குட்டையைச் சட்டைக் கழுத்தில் செருகிக்கொள்ளத் தயங்காதீர்கள், பக்கத்து மேசைக் கிழவரும் அதைத்தான் செய்திருப்பார்.

காச்சோ எ பேபே மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். மூன்றே பொருள். மிளகை ஒன்றிரண்டாக நசுக்கி வெறும் சட்டியில் வறுப்பார்கள், மணம் கிளம்பியதும் பாஸ்தா வெந்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுவார்கள். மாவுச்சத்து கலங்கிய தண்ணீர் அது, அதுதான் சூட்சுமம். பாஸ்தாவைச் சட்டியில் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு துருவிய சீஸைத் தூவிப் புரட்டுவார்கள். சூடு கூடினால் சீஸ் கட்டி கட்டியாகத் திரண்டு ரப்பராகிவிடும், குறைந்தால் ஒட்டாது. சரியாக வந்த தட்டில் எண்ணெய் பிரிந்திருக்காது, கட்டி இருக்காது, நூலைத் தூக்கினால் வெண்ணெய் போல ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வரும். டெஸ்டாச்சோவின் ஃபெலிச்சே உணவகத்தில் இந்தப் புரட்டலை மேசையிலேயே, உங்கள் தட்டிலேயே செய்து காட்டுவார்கள். வந்தவுடன் சாப்பிடுங்கள். சில நிமிடம் படமெடுத்துக்கொண்டிருந்தால் அது பசையாகிவிடும்.

இந்த மிளகுக்கும் நமக்கும் பழைய பாக்கி இருக்கிறது. பழைய நகரச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் மாக்செந்தியஸ் பேரரங்கின் இடிபாடு நிற்கும் இடத்தில் அதற்கு முன் இருந்தது மிளகுக் கிடங்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டியது. முசிறித் துறையில் பொன்னை இறக்கிவிட்டு மிளகு ஏற்றிப் போன யவனர் கப்பல்களைச் சங்கப் பாடல் பாடுகிறதே, அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த சந்தை இதுதான். காலையில் கிடங்கு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மதியம் காச்சோ எ பேபே சாப்பிடுவது நல்ல வரிசை.

நான்கில் என் ஓட்டு க்ரீச்சாவுக்கு. அதை யாரும் படமெடுப்பதில்லை, அதனாலேயே சமையல்காரர்கள் அதில் வித்தை காட்டுவதுமில்லை.

கிழமையும் பருவமும்

'வியாழன் நியோக்கி, வெள்ளி மீன், சனி குடல்' என்பது ரோம்காரர்களின் பழைய சொலவடை. வெள்ளி விரதத்துக்கு முதல் நாள் வயிறு நிறைய உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளியன்று உப்புக்கருவாடான பக்கலாவும் கொண்டைக்கடலைப் பாஸ்தாவும், சனியன்று தக்காளியும் புதினாவும் போட்ட மாட்டுக்குடல். இந்த வழக்கத்தைப் பின்பற்றும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வியாழக்கிழமை நியோக்கி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புதன்கிழமையே கிடைக்கிறது என்றால் தவறில்லை, வியாழன் மட்டுமே கிடைக்கிறது என்றால் அந்தக் கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆர்ட்டிசோக். உருண்டையாக, முள்ளில்லாமல் இருக்கும் ரோமானெஸ்கோ ரகம் அப்போதுதான் சந்தையில் குவிந்திருக்கும். ஜூலையில் மெனுவில் அது இருந்தால் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். குளிர்காலத்தில் புந்தரெல்லே: சிக்கரித் தண்டைச் சன்னமாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால் சுருண்டுகொள்ளும், லேசான கசப்பும் மொறுமொறுப்புமாக இருக்கும். வசந்தத்தில் பச்சை மொச்சை, பட்டாணி, ஆர்ட்டிசோக் சேர்ந்த விஞ்ஞரோலா. கோடையில் அரிசி நிரப்பி அடுப்பில் சுட்ட தக்காளி. பக்கத்தில் அதன் சாறு ஊறிய உருளைக்கிழங்கும் வரும். தக்காளியைவிட அந்தக் கிழங்குக்குத்தான் வீட்டில் சண்டை நடக்கும்.

சைவர்களும், மாடு அல்லது பன்றி சாப்பிடாதவர்களும்

ரோமில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் 'காய்கறி போலத் தெரிகிறது' என்று நம்பி எதையும் வாங்கக் கூடாது. ஒளிந்திருப்பவை எவை என்று சொல்லிவிடுகிறேன்.

புந்தரெல்லேயில் ஊற்றும் சாறு நெத்திலி மீன் அரைத்தது. பொரித்த பூசணிப்பூவுக்குள் மொசரெல்லாவோடு ஒரு நெத்திலித் துண்டும் இருக்கும். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் வழக்கமாகக் கறிக்குழம்பு உண்டு. விஞ்ஞரோலாவில் பெரும்பாலும் குவாஞ்சாலே போடுவார்கள். மொச்சை, பீன்ஸ் சூப்பில் பன்றித்தோல் கிடக்கலாம், கொண்டைக்கடலைப் பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கலாம். ஆகவே 'நான் சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா குவாஞ்சாலே' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், குவாஞ்சாலே வேண்டாம். எலும்புச்சாறு இருக்கிறதா என்று கேட்க 'சே ப்ரோதோ தி கார்னே?'

கவலையில்லாமல் வாங்கக்கூடியவை: பென்னே அல்ல அராபியாத்தா, தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் மட்டுமே உள்ள ரோம் பாஸ்தா, நம் நாக்குக்கு உறைப்பும் உண்டு. சிக்கோரியா ரிபசாத்தா, கசப்புக்கீரையை வேகவைத்துப் பூண்டு மிளகாயோடு ஆலிவ் எண்ணெயில் புரட்டியது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்களுக்கு இரண்டாவது நாளே இது உயிர். புதினாவும் பூண்டும் அடைத்து வேகவைத்த கார்ச்சோஃபி அல்லா ரொமானா. யூதர் பேட்டையில் கோன்சா என்கிற, பொரித்து வினிகரில் ஊறவைத்த சுரை இனத்துச் சுக்கினி. மெனுவில் இல்லாவிட்டாலும் தக்காளிப் பாஸ்தா, 'பாஸ்தா அல் பொமொதோரோ', எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதுவே போதும்; அரைப்பங்கு வேண்டுமானால் 'மெட்ஸா போர்ட்சியோனே' என்று கேளுங்கள். காரம் போதவில்லையென்றால் 'பெப்பெரொன்சீனோ' என்றால் மிளகாய்த்தூளோ மிளகாய் எண்ணெயோ வரும்.

சீஸ் விஷயத்தில் கறாரான சைவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெக்கொரினோ ரொமானோவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்க்கிறார்கள். பார்மிஜானோவில் கன்றின் உறை. காச்சோ எ பேபேயைச் சைவம் என்பதா கூடாதா என்பது உங்கள் வீட்டு வழக்கம். முட்டை தவிர்ப்பவர்கள் தொன்னரெல்லி, பெத்துச்சினே போன்ற புதுப் பாஸ்தாவை விட்டு ஸ்பகெட்டி, பென்னே, ரிகடோனி கேளுங்கள். காய்ந்த ரகத்தில் கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான்.

யூதர் பேட்டையில் சில கோஷர் உணவகங்கள் பால் உணவு மட்டும் சமைப்பவை. கறியும் பாலும் ஒரே அடுக்களையில் சேரக் கூடாது என்ற விதியால் அங்கே கறி நுழையவே நுழையாது. மீன் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பு எலும்புச்சாறா என்ற சந்தேகமே இல்லாமல் சாப்பிட ரோமில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பன்றி தவிர்ப்பவர்களுக்குக் கோஷர் கடை எதுவானாலும் சரி.

மாடு சாப்பிடாதவர்கள் மான்சோ, வித்தெல்லோ, கோடா, த்ரிப்பா, பயாத்தா என்ற சொற்களைக் கண்டால் தாண்டிவிடுங்கள். சால்திம்போக்காவில் கன்றுக்குட்டிக் கறியும் பன்றியும் இரண்டுமே உண்டு. ஆட்டுக்கறி வேண்டுமானால் அபாக்கியோ, பால்குடி மாறாத குட்டியின் கறி, ஈஸ்டரை ஒட்டி எல்லா அடுக்களையிலும் மணக்கும். ஒவ்வாமை இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரம் ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும்.

தண்ணீர், வைன், ரொட்டி

தண்ணீர் பாட்டிலில்தான் வரும், இரண்டு மூன்று யூரோ. சாதாரணத் தண்ணீருக்கு 'நத்துராலே', சோடாவுக்கு 'ஃப்ரிட்சாந்தே'. வெளியே போகும்போது பாட்டிலை நிரப்பிக்கொள்ளத் தெருவெங்கும் நசோனே என்ற இரும்புக் குழாய்கள் உண்டு. நாள் முழுக்க ஓடும் நல்ல குடிநீர். வைன் குடிப்பவர்கள் 'வீனோ தெல்லா காசா' கேட்டால் கடையின் சொந்த வைன் கூஜாவில் வரும். கால் லிட்டரும் வாங்கலாம், அரை லிட்டரும் வாங்கலாம். பாஸ்தா முடிந்த தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவது ட்ராட்டோரியாவில் தப்பே இல்லை. மீன் பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்காதீர்கள். சாப்பிட்ட பிறகு கபுசினோ கேட்டால் தருவார்கள், மனசுக்குள் சிரிப்பார்கள்.

பில்

நீங்கள் கேட்காமல் பில் வராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதுதான் அதன் அர்த்தம், உங்களை மறந்துவிட்டார்கள் என்பதல்ல. 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று கேளுங்கள், சின்னக் கடைகளில் நேரே கல்லாவுக்கே போய்க் கட்டலாம்.

இத்தாலி முழுக்க மேசைக் கட்டணமாகக் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ப்பார்கள். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம் 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டத்தால் அதைத் தடை செய்தது. அதனால் பல கடைகள் 'பானே', அதாவது ரொட்டி, என்று எழுதி வாங்குகின்றன. மெனுவில் விலை போட்டிருந்து, ரொட்டியை நீங்கள் சாப்பிட்டிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்றால் கூடையை வைக்கும்போதே திருப்பி அனுப்புங்கள். 'சேர்வித்சியோ', அதாவது சேவைக் கட்டணம், என்று சதவீதம் போட்டால் அது மெனுவில் முன்பே எழுதியிருக்கிறதா பாருங்கள். மீனுக்கு விலை 'எத்தோ' கணக்கில், நூறு கிராமுக்கு என்று இருக்கும். முழு மீன் சொல்லும் முன் எடை கேட்டுவிடுங்கள். பில்லில் ஏறும் அதிர்ச்சி பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

டிப்ஸ் கட்டாயமில்லை. மனசு நிறைந்தால் சில்லறையை விட்டுவரலாம். கார்டு ஏற்க மறுத்தால் கடைக்கு அபராதம் என்று 2022 ஜூன் 30 முதல் சட்டம் இருக்கிறது, ஆகவே 'மெஷின் பழுது' என்பதைப் பணிவாகச் சந்தேகிக்கலாம். ஆளுக்கொரு கார்டில் தான் தின்றதை மட்டும் கணக்குப் பிரித்துத் தரச் சொல்லாதீர்கள். மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதுதான் அங்கே வழக்கம்.

ட்ராட்டோரியா மூடியிருக்கும் வேளையில்

நாலு மணிப் பசிக்கு நல்ல பதில் பீட்சா அல் தாலியோ. நீளத் தட்டில் சுட்ட பீட்சாவைக் கத்தரிக்கோலால் வெட்டி எடைக்கு விற்பார்கள். எவ்வளவு என்று கையால் காட்டினால் போதும். கத்தரிக்கோலை வைக்கும் இடம் அதிகமாகத் தெரிந்தால் 'மேனோ' என்றால் குறைப்பார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டதும், வெறும் தக்காளி பூசிய 'ரோஸ்ஸா'வும் சைவர்களுக்குப் பத்திரமானவை. சுடச்சுட இறக்கிய தட்டிலிருந்து வாங்குங்கள், ஓரத்தில் ஆறிக்கிடப்பது காலையிலிருந்து அங்கேயே இருக்கும்.

ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பல ட்ராட்டோரியாக்கள் மூடியிருக்கும். ஆகஸ்டு இன்னும் மோசம்: 15-ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ பண்டிகையைச் சுற்றி உள்ளூர்க்காரர்கள் கடலோரம் போய்விடுவார்கள், பேட்டைக் கடைகள் 'கியூசோ பெர் ஃபெரியே' என்று தாள் ஒட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் பூட்டிக்கொள்ளும். இணைய வரைபடம் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்பாதீர்கள். அந்த மாதத்தில் போகிறவர்கள் ஒவ்வொரு கடைக்கும் முன்கூட்டியே போன் செய்து, எந்தத் தேதியில் மூடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.